மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு

ஜூன் 5, திங்கள்

இந்த மோட்டாரை வேலை நோட்டில் எழுதவில்லை. அந்த நோட்டு கடை மேஜையில் கிடக்கும், வருகிறவர்கள் எல்லாம் புரட்டுவார்கள். இது வீட்டு டைரி. என் பெண்சாதி ரெஜினா கூட இதைத் தொடமாட்டாள்.

காலை பத்து மணிக்குக் கடை வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. பின்னால் நாலு பெண்கள், நடுவில் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று. முதலில் இறங்கியது எஸ்கலின். கடலில் போய்த் திரும்பாத இன்னாசியின் பெண்சாதி. சாக்கை விலக்கும் முன்னாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ததேயு அண்ணே, இறக்க ஒரு கை பிடிங்க."

பிடித்தேன். ஐந்து பேருமாக அதை மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தினோம். ஜப்பான் படகு மோட்டார், இரண்டு சிலிண்டர். நீலப் பெயிண்ட் வெயிலில் வெளிறிப் போயிருக்கிறது. மேல்மூடியின் இடுக்கில் குளவி கூடு கட்டியிருந்தது.

"மூணு வருசமாப் பின்கட்டுல கெடந்துச்சு. யாரையும் தொட விடல" என்றாள். "இதுல பிளக்குல பொறி வருதான்னு மட்டும் மொதல்ல பாத்துச் சொல்லுங்க. வந்தா மத்த வேலையெல்லாம் செய்வோம். வராட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவோம்."

"எதுக்கு இப்ப?"

கூட வந்த பெண்களைக் காட்டினாள். அவளையும் சேர்த்து நாலு பேரும் கடல்பாசி எடுக்கிறவர்கள். வாடகைப் படகில் போகிறார்கள். போன வாரம் படகுக்காரன் இவர்களைக் கடலுக்குள் இருக்கிற கல்லுமேட்டில் இறக்கிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டானாம். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியபிறகுதான் திரும்பி வந்தானாம்.

"படகு எங்க வீட்டுது சும்மாதான் கெடக்கு. மோட்டார் இருந்தா யார் தயவும் வேணாம்" என்றாள். போகும்போது திரும்பினாள். "இன்னொண்ணுண்ணே. அன்னைக்கு இது ஏன் நின்னுச்சுன்னும் பாத்துச் சொல்லணும். எனக்குத் தெரியணும்."

பத்து நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். பொறி பார்க்க அரை நாள் போதும்.

ஜூன் 6, செவ்வாய்

மேல்மூடியைத் திறக்கவில்லை.

ஜூன் 8, வியாழன்

அடிப்பகுதியில் வேலை செய்தேன். தண்ணீருக்குள் சுற்றுகிற காற்றாடியைக் கழற்றி, அதில் சிக்கியிருந்த நைலான் நூலை அறுத்தெடுத்து, கியர் எண்ணெயை வடித்தேன். எண்ணெய் கறுப்பாக இருந்தது, தண்ணீர் கலக்கவில்லை. துரு சுரண்டினேன். சுரண்ட வேண்டாத இடத்தையும் சுரண்டினேன்.

சாயங்காலம் எஸ்கலின் வந்தாள். பாசி எடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள், விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பொறி மேலதானண்ணே இருக்கும்? நீங்க கீழ நோண்டுறீங்க."

"எல்லாத்தையும் பாக்கணும்ல."

"மேல தெறக்கும்போது சொல்லியனுப்புங்க. நான் பாக்கணும்."

"அதுல உனக்கு என்ன தெரியும்மா?"

"தெரியாதுதான். நீங்க சொல்லித் தாங்க. நாளைக்கு நடுக்கடல்ல நின்னா நாங்கதான பாக்கணும்."

அரைமணி நேரம் இருந்தாள். அவள் போனபிறகு பார்த்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜூன் 9, வெள்ளி

இன்னாசியின் தம்பி கஸ்பார் வந்து நின்றான். கடைக்குள் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஐஸ் கம்பெனிச் சுவரோரம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிமிர்ந்ததும் போய்விட்டான்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மனசுக்குள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வருகிறது.

மூன்று வருடம் ஆகப்போகிறது. அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை. இன்னாசியும் தம்பி கஸ்பாரும் பைபர் படகில் போனார்கள். சாயங்காலம் திரும்பும்போது மோட்டார் நின்றுவிட்டது. இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், பிடிக்கவில்லை. நீரோட்டம் படகைத் தெற்கே கொண்டுபோனது. மறுநாள் தூரத்தில் ஒரு விசைப்படகு தெரிந்திருக்கிறது. இன்னாசி காலி கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு அதை நோக்கி நீந்தினான். போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள் வேறு ஊர்க்காரர்கள் படகைக் கண்டுபிடித்தபோது கஸ்பார் மட்டும் நாக்கு வீங்கிப் படுத்துக் கிடந்தான். படகில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

பெட்ரோல் போடும் பொறுப்பு எப்போதும் கஸ்பாருக்குத்தான். அவன் ஊற்றாமல் வந்துவிட்டான், பெட்ரோல் தீர்ந்துதான் மோட்டார் நின்றது, அண்ணனை நீந்தவிட்டு இவன் படகில் உட்கார்ந்திருந்தான் என்று ஊர் பேசியது. யாராவது பார்க்கட்டும் என்று துணியைப் பெட்ரோலில் நனைத்து நனைத்துக் கொளுத்திக் காட்டினேன், அதில்தான் தீர்ந்தது என்று அவன் சொன்னான். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவனைப் படகில் ஏற்றுவதில்லை. ஐஸ் உடைத்துப் பிழைக்கிறான். எஸ்கலின் அவனிடம் பேசுவதே இல்லை. பூசையில் கூட அவன் உட்கார்ந்த வரிசையில் உட்காரமாட்டாள்.

இதுதான் நடந்தது.

ஜூன் 10, சனி

இதுமட்டும் இல்லை. ஊர்க்கமிட்டியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த வாரம் அந்த மோட்டாரைப் பார்த்தது நான் என்பதால். "மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னேன். அதோடு கூட்டம் முடிந்துவிட்டது.

ஜூன் 12, திங்கள்

திறந்தேன். எஸ்கலினுக்குச் சொல்லியனுப்பவில்லை, ஆனாலும் வந்துவிட்டாள். இன்றைக்குக் காற்று அதிகம், பாசிக்குப் போகவில்லையாம்.

மேல்மூடியைப் பிடித்தேன், தூக்கவில்லை. மூடி கனம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஒரு பக்கம் பிடித்தாள். உள்ளே சிலந்தி வலை, உப்புப் பூத்த திருகாணிகள். நான் எங்கே பார்க்கக்கூடாது என்று நினைத்தேனோ அங்கேதான் கண் போனது. காந்தச் சக்கரத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. உடனே அதன்மேல் எண்ணெய்த் துணியைப் போட்டேன்.

இரண்டு பிளக்கையும் கழற்றி, துவாரத்தில் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் முதலில் அசையவில்லை. பிறகு முனகிக்கொண்டே சுற்றியது. எஸ்கலின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"சுத்துதுண்ணே!"

"சுத்தும். பொறி வேற."

பிளக்கை வயரில் மாட்டி, உடம்பு இரும்பில் தொடும்படி வைத்து, கயிற்றை இழுத்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த பிளக். இல்லை. பத்துப் பதினைந்து தடவை இழுத்தேன். அவள் குனிந்து பிளக்கின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. பொறி வராததில் எனக்கு நிம்மதி. பழைய இரும்புக்குப் போய்விட்டால் யாரும் உள்ளே பார்க்கமாட்டார்கள்.

"பொறியைக் குடுக்குற காயில் செத்துருக்கும்மா. தூத்துக்குடியில கேட்டுப் பாக்கணும். கெடைக்கிறது கஷ்டம்."

"அப்ப அன்னைக்கும் காயில் செத்துத்தான் நின்னுச்சா?"

"அது எப்படிச் சொல்ல முடியும். மூணு வருசம் சும்மா கெடந்ததுல கூட செத்திருக்கலாம்."

"நல்லாப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

காயில் சாகவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் 13, செவ்வாய்

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டேன். பொறி பார்க்க இருட்டு வேண்டும். ஆனால் அதற்காக மட்டும் இறக்கவில்லை.

காந்தச் சக்கரத்தைக் கழற்றினேன். அடியில் என் ஒட்டு அப்படியே இருந்தது. அக்டோபர் பதினொன்றாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் நான் போட்ட ஒட்டு.

கடற்கரையில் வைத்து இன்னாசி என்னைப் பிடித்தான். மோட்டாரை நிறுத்துகிற சுவிட்ச் வேலை செய்யவில்லை, அதன் வயர் அறுந்துவிட்டது என்றான். நான் மச்சினி கல்யாணத்துக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருந்தேன். வீட்டுக்கு கரண்ட் இழுக்கிற வயரில் ஒரு துண்டு பையில் கிடந்தது. அதை வைத்து முறுக்கி, டேப் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. "திங்கக்கிழமை கடைக்குக் கொண்டு வா, சரியான வயர் போட்டுத் தாரேன்" என்றேன். "அதுவரைக்கும் போகலாம்லண்ணே?" என்று கேட்டான். "தாராளமாப் போ" என்றேன்.

அந்த வயரின் வேலையே மோட்டாரைச் சாகடிப்பதுதான். அதன் செம்பு எங்கேயாவது இரும்பில் தொட்டால் பொறி நின்றுபோகும். டேப் சூட்டில் உருகி வழிந்திருக்கிறது. செம்பு வெளியே வந்து இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கரிப்பொட்டு.

வயரைப் பிடுங்கினேன். கையோடு வந்துவிட்டது. ஸ்குரூ டிரைவர் கூடத் தேவைப்படவில்லை. பாயிண்டை உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்து, சக்கரத்தை மாட்டி, கயிற்றை இழுத்தேன்.

முதல் இழுப்பிலேயே வந்தது. நீலமாக, சடக்கென்று சத்தத்தோடு. அடுத்த பிளக்கிலும் வந்தது.

எத்தனையோ மோட்டாரில் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும். இன்றைக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடுக்கடலில் யாராவது ஒருவர் மூடியைத் திறந்து சக்கரத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒற்றை முனையைப் பிடித்து இழுத்திருந்தால் ஏழு மணிக்கு வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள்.

வயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடலில் எறிந்துவிடலாம் என்று நினைத்து, எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மாதா பீடத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 14, புதன்

கடையைத் திறக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

ரெஜினா ஜெபமாலை எடுக்க அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியில் அவள் கையில் வயர் தெரிந்தது.

"இது என்னங்க?"

"கடைச் சாமான்."

"கடைச் சாமானை மாதா பீடத்துல ஏன் வச்சிருக்கீங்க?"

கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். அவள் துண்டை எடுத்து அழுத்திப் பிடித்தாள்.

"எஸ்கலின் மோட்டார்ல உள்ளதா?"

தலையை ஆட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிமுடித்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கமிட்டிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு நீங்க சாப்பிடல" என்றாள். "கொல்லையில போய் ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தீங்க. ஏதோ இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கேட்டா சொல்லிருவீங்களோன்னு பயந்து கேக்கல."

"இப்ப என்ன செய்ய?"

"எனக்குத் தெரியலங்க. வெளிய தெரிஞ்சா இந்த ஊர்ல நம்மள இருக்க விடுவாங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பய ஐஸ் உடைச்சு உடைச்சு கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. போன வாரம் மீன் வாங்கப் போனப்ப பாத்தேன்" என்றாள்.

வயரை மறுபடியும் அதே பெட்டியில் வைத்து மூடினாள்.

ஜூன் 17, சனி

எஸ்கலின் நேற்றும் இன்றும் ஆள் அனுப்பினாள். தூத்துக்குடியிலிருந்து காயில் வந்ததா என்று. இல்லை என்று சொன்னேன். எந்தக் கடையில் சொல்லியிருக்கிறது என்று கேட்டாள் வந்தவள். எனக்குப் பெயர் வரவில்லை. ஒரு பொய்யை நிறுத்தி வைக்க எத்தனை பொய் வேண்டியிருக்கிறது.

நாலு மணிக்கு கஸ்பார் கடைக்குள்ளேயே வந்துவிட்டான். என்னை அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். கையில் இருந்த ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மோட்டாரின் முன்னால் போய் நின்றான்.

"பொறி வந்துச்சாண்ணே?"

"இன்னும் இல்ல."

"வராதுண்ணே. அன்னைக்கே வரல." கையை விரித்துக் காட்டினான். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே வெள்ளையாகத் தழும்பு. "இந்தக் கயித்த இழுத்ததுதான். அண்ணன் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். விடியிற வரைக்கும் இழுத்தோம்."

"மூடியைத் திறந்து பாக்கலியா?"

ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"தெறக்கலாம்னு நான் சொன்னேண்ணே. அண்ணந்தான் வேணாம்னுச்சு. 'ததேயு அண்ணன் முந்தாநாத்துதான் பாத்துக் குடுத்துருக்காக, மேல ஒண்ணும் இருக்காது, நம்ம கை வச்சுக் கெடுத்துறக் கூடாது'ன்னுச்சு. பிளக்க மட்டும் கழத்தித் தொடச்சுப் போட்டோம்."

நான் பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? பெட்ரோல் தீந்தா மோட்டார் எப்படி நிக்கும்? இருமி இருமி நிக்குமா, பொட்டுனு நிக்குமா?"

"இருமித்தான் நிக்கும்."

"இது பொட்டுனு நின்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்குண்ணே. அன்னைக்குக் காலையில நான் கேனை நெறச்சேனா இல்லயான்னு. நெறச்ச மாதிரிதான் இருக்கு. கண்ண மூடுனா காலி கேன்தான் தெரியுது."

சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்றான். நான் சொல்வதற்கு அந்த ஒரு நிமிஷம் போதும். "டீ சாப்பிடுறியா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

ஜூன் 18, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணைக்கு எழுந்து நின்றேன். முன்னால் நாலு பேருக்கு அப்பால் கஸ்பார். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து வயரை எடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று ரெஜினா கேட்கவில்லை. செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

எஸ்கலின் வீட்டு முற்றத்தில் பாசி காயப்போட்டிருந்தாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துபோனது.

"பொறி வந்துருச்சும்மா. செவ்வாக்கிழமையே வந்துருச்சு. காயில்ல ஒரு கோளாறும் இல்ல."

அவள் முகம் மலர ஆரம்பித்தது. அதைப் பார்க்க முடியாமல் வயரை நீட்டினேன். சொன்னேன். சனிக்கிழமை, பஸ், வீட்டு வயர், டேப், தாராளமாப் போ. எதையும் விடவில்லை.

அவள் வயரை வாங்கி விரலில் சுற்றினாள், பிரித்தாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"இத எடுத்திருந்தா ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்கும்."

"பெட்ரோல்?"

"பெட்ரோல் இருந்திருக்கும்மா. பொட்டுனு நின்னுச்சுன்னு கஸ்பார் சொன்னான். இந்த வயர் தொட்டா அப்படித்தான் நிக்கும்."

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவன்கிட்டல்ல மொதல்ல போயிருக்கணும். என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" அவள் உதடு கோணியது. "நான் எத்தன பேச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா அவன? அவன் அம்மா எங்க வீட்டுல செத்தப்ப, சாவுக்கு வந்தவன வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பினேன். எல்லாம் நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னு."

"எஸ்கலின்..."

"வெளிய போங்க."

ஜூன் 19, திங்கள்

கடையைத் திறந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கடைக்குத் தீ வைக்க வருவார்கள், கூட்டமாக வருவார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள். அதுதான் அதிக பயமாக இருக்கிறது.

கமிட்டித் தலைவருக்கு போன் போட்டேன். ஊரைக் கூட்டச் சொன்னேன்.

ஜூன் 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். எழுந்து நின்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாச் சொல்லு என்று யாரோ கத்தினார்கள். சத்தமாகச் சொன்னேன். "மூணு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். அது பொய். நல்லா இல்ல. என் வேலை சரியில்ல. கஸ்பார் மேல ஒரு தப்பும் கிடையாது."

ஒருவன் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். இன்னாசியின் மாமன் மகன். நாலு பேர் விலக்கினார்கள். பித்தான் எல்லாம் போய்விட்டது. ஒரு அடி காதோரம் விழுந்தது, இன்னும் இரைகிறது.

கஸ்பார் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் மெதுவாகச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் ஊத்தித்தான் இருக்கேன்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "கேனை நெறச்சுத்தான் இருக்கேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்கலின் எழுந்து வந்தாள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு என்ன தண்டனை என்று பேசினார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எஸ்கலினைக் கேட்டார்கள். "அப்புறம் சொல்றேன்" என்றாள்.

ஜூன் 23, வெள்ளி

கடையில் சரிபார்க்க வந்திருந்த மோட்டார் ஐந்து. நாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் மட்டும், "மனசுல ஒண்ணும் வச்சுக்காத, பயமா இருக்குல்ல" என்றார். அவர் சொன்னது நியாயம். என் கையை நானே நம்பவில்லை.

எஸ்கலினுடையது மட்டும் நிற்கிறது.

ஜூன் 26, திங்கள்

எஸ்கலின் வந்தாள். பின்னால் கஸ்பார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"முடிச்சுக் குடுங்க" என்றாள். "பக்கத்து ஊர்ல குடுக்கலாம்னு இவன் சொன்னான். நாந்தான் வேணாம்னேன். இத நீங்கதான் செய்யணும். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாப்போம். ஒவ்வொரு வயரும் எங்க போகுது, எதுக்குப் போகுதுன்னு சொல்லிக்கிட்டே செய்யணும்."

"சரிம்மா."

"முடிஞ்சதும் கடல்ல ஓட்டிப் பாக்கணும். நீங்களும் வரணும்."

எனக்குக் கடல் ஆகாது. இருபத்தைந்து வருடமாக மோட்டார் வேலை செய்கிறேன், கரைக்கு அப்பால் போனவன் இல்லை. சின்ன வயதில் ஒரு தடவை நான் இருந்த படகு அலையில் கவிழ்ந்தது. அது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஜூலை 1, சனி

இந்த வாரம் செய்தது: சுவிட்சும் வயரும் புதிது, கப்பலில் போடுகிற தடித்த வயர். பாயிண்ட் இரண்டும் புதிது. தண்ணீர் பம்பின் இறக்கை மாற்றியாகிவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிக் காயவைத்திருக்கிறது. வயர் போகிற வழியெல்லாம் கிளிப் போட்டு இறுக்கினேன். கஸ்பார் ஒவ்வொரு கிளிப்பையும் இழுத்துப் பார்த்தான். ஒன்று அசைந்தது. திரும்பப் போட்டேன்.

தேவைக்கு மேல் அவன் என்னிடம் பேசுவதில்லை. எஸ்கலின் அவனை "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். முதல் தடவை கூப்பிட்டபோது அவன் கையில் இருந்த நட்டைக் கீழே போட்டுவிட்டான்.

ஜூலை 5, புதன்

டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டினோம். நாலாவது இழுப்பில் பிடித்தது. கடை முழுக்கப் புகை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சைத் தட்டினேன், நின்றது. இழுத்தேன், பிடித்தது. இருபது தடவை அப்படிச் செய்யச் சொன்னாள். செய்தேன்.

சனிக்கிழமை ஓட்டம்.

ஜூலை 7, வெள்ளி

ரெஜினா சொன்னாள்: "வர முடியாதுன்னு சொல்லிருங்க. அவ கோவத்துல என்ன செய்வாளோ." அதையே நானும் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 8, சனி

போய் வந்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குத் தள்ளினோம். கஸ்பார் பின்னால் மோட்டாரில், எஸ்கலின் நடுவில், நான் முன்னால் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அலை தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் ஒரே சீராக ஓடியது. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு துளி பிசகு வருமா என்று.

திரும்பிப் பார்த்தபோது கோயில் கோபுரம் தீக்குச்சி அளவுக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் அதுவும் இல்லை.

"இந்தப் பக்கம்தான் அன்னைக்கு நின்னுச்சு மதினி" என்றான் கஸ்பார்.

எஸ்கலின் கையை நீட்டி சுவிட்சைத் தட்டினாள்.

சத்தம் நின்றது. அவ்வளவு பெரிய அமைதியை நான் கேட்டதில்லை. படகு பக்கவாட்டில் திரும்பி ஆட ஆரம்பித்தது. தண்ணீர் பைபரில் மோதுகிற சத்தம், காற்று. எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. எஸ்கலின் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. வெயில் ஏறியது. எனக்கு வாந்தி வந்தது, படகுக்கு வெளியே எடுத்தேன். இங்கேயே என்னைத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். தள்ளினால் கேட்க நியாயம் இல்லை என்றும் நினைத்தேன். இன்னாசி இங்கேதான் என் பெயரைச் சொல்லி, மூடியைத் திறக்கவேண்டாம் என்றிருக்கிறான். அதுதான் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது.

"பயமா இருக்காண்ணே?"

"இருக்கும்மா."

"ம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மடியிலிருந்து வயரை எடுத்தாள். அந்த வயர்தான். என்னிடம் தருவாள் என்று நினைத்தேன். தரவில்லை. கையை நீட்டித் தண்ணீரில் விட்டாள்.

"தம்பி, இழு."

கஸ்பார் கயிற்றைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான். இழுத்தான். பிடிக்கவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. மறுபடி இழுத்தான், இருமி அடங்கியது. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அவன் இரண்டு கையாலும் மோட்டாரின் மூடியைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே கவிழ்ந்து அழுதான். எஸ்கலின் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

கரையில் இறங்கியதும் மணலில் உட்கார்ந்துவிட்டேன். எஸ்கலின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"திங்கக்கிழமை பாசிக்குப் போறோம். தம்பிதான் ஓட்டுது. ஆறு மணிக்கு வந்து ஒரு தடவ எல்லாத்தையும் பாத்து விடுங்க. தெனமும் வரணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"வாரேன்மா."

ஜூலை 10, திங்கள்

ஐந்தரைக்கே போய்விட்டேன். மூடியைத் திறந்து வயர், கிளிப், பிளக், சுவிட்ச் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். கஸ்பார் கேனைத் திறந்து என்னிடம் காட்டினான். கழுத்து வரை நிறைந்திருந்தது. "பாத்துக்கிட்டீங்களாண்ணே?" என்றான். "பாத்துக்கிட்டேன்" என்றேன்.

அவனும் நாலு பெண்களும் போனார்கள். சத்தம் கேட்கிற வரைக்கும் நின்றேன். கேட்காமல் போனபிறகும் நின்றேன். பத்து மணிக்குக் காற்று கூடியது. கடைக்குப் போகவில்லை, போனாலும் அங்கே யாரும் வரப்போவதில்லை. ரெஜினா கஞ்சி கொண்டுவந்தாள். அவளும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டேகாலுக்குச் சத்தம் கேட்டது. எழுந்து நின்று எண்ணினேன். ஐந்து பேர். இன்னொரு தடவை எண்ணிவிட்டு, படகை இழுக்கத் தண்ணீருக்குள் இறங்கினேன்.